வாடையும் சுழலும்

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் காரமடை என்னும் பழம்பதி அமைந்துள்ளது. அரங்கநாதர் திருக்கோயிலும், மாசித் திங்களில் நிகழும் தேர்த்திருவிழாவும் அவ்வூரின் பெயரைக் கொங்கு நாடெங்கும் பரப்பியுள்ளன. மேற்கே நீலமலை நெடுமதில்போல் நிமிர்ந்து நிற்கும். கிழக்கே மேட்டு நிலம் கண்ணுக்கெட்டிய தொலைவு பரந்து கிடக்கும். கிணற்று நீர் உள்ள இடங்களில் வாழையும் பாக்கும் கறிவேப்பிலையும் செழித்திருக்கும். கிணறு இல்லாத இடங்களில் வானத்தை நம்பிச் சோளமும் கொள்ளும் விதைப்பர். வானம் பார்த்த அந்நிலத்தை மானாவாரி நிலம் என்பர்.

தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேலைப்புறத்தில் தன் நீரைப் பெரிதும் கொட்டிவிட்டுக் கீழைப்புறத்திற்கு வறண்டு வருகின்றது. ஆதலின், ஆடி மாதத்தில் இவ்வூரார் காற்றைக் காண்பரேயன்றி மழையை மிகுதியாகக் காண்பதரிது. அவர்கள் எதிர்நோக்கியிருப்பது ஐப்பசி கார்த்திகை மழையை. ஆண்டு முழுதும் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி அவ்விரு திங்களையும் ஒட்டியே பெய்கின்றது. முன்னோர் அப்பருவத்தைக் கூதிர் என்றனர். அப்பொழுது வடக்கிலிருந்து வீசும் காற்றை வாடை என்றனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. இவற்றுள் கொண்டல் என்னுஞ் சொல் கீழ்காற்றையும் குறிக்கும், மேகத்தையும் குறிக்கும். தமிழகத்திற்குக் கார்த்திகை மழை எத்திசையிலிருந்து வருகின்றது என்பதை அச்சொல் ஒன்றே காட்டிவிடுகின்றதன்றோ!

2016ஆம் ஆண்டு ஐப்பசித் திங்கள். காரமடைக்குக் கிழக்கே முதிய உழவர் ஒருவர், புரட்டாசியில் விழுந்த சிறு தூறலை நம்பி மூன்று ஏக்கர் நிலத்தில் சோளம் விதைத்திருந்தார். மாட்டிற்குத் தட்டும் வீட்டிற்குத் தானியமும் அதனாலேயே ஆக வேண்டும். பயிர் முழங்கால் உயரம் வளர்ந்து நின்றது. அதன்பின் அதன்மேல் நனைய ஒரு மழையும் பெய்யவில்லை. ஐப்பசி நடுவில் வாடை திரும்பிவிட்டது. வேலியோரத்து மரக்கிளைகள் தென்மேற்கு நோக்கிச் சாய்ந்து ஆடின. காற்று நாள்தோறும் தவறாமல் வீசியது. முதியவர் மாலைதோறும் வரப்பின்மேல் நின்று கீழ்வானத்தை நோக்குவார். நோக்கிவிட்டு ஒன்றும் பேசாமல் மாட்டுத் தொழுவத்திற்குத் திரும்புவார்.

ஒரு நாள் பிற்பகல், பள்ளியிற் பயிலும் அவருடைய பெயரன் உடனிருந்தான். பக்கத்துத் தரிசு நிலத்தில் திடீரென ஒரு சுழற்காற்று எழுந்தது. புழுதியையும் சருகையும் வாரிக்கொண்டு, பனைமர உயரம் ஓங்கி, பம்பரம்போற் சுழன்று, வேலிவரை ஓடியது. வேலியைத் தாண்டியதும் தளர்ந்தது. சருகுகள் ஒவ்வொன்றாகத் தரையில் வீழ்ந்தன. ஒரு நிமிடத்திற்கு முன் அங்குச் சுழல் ஒன்று இருந்தது என்பதற்கு அடையாளமே இல்லை. வாடை மட்டும் முன்போல் வீசிக்கொண்டிருந்தது.

"அப்பாரு, அந்தச் சுழி எங்கே போயிற்று?" என்று சிறுவன் வினவினான். கொங்கு நாட்டார் தந்தையின் தந்தையை அப்பாரு என்றழைப்பர்.

"எங்கே போகும் கண்ணு? காற்றிலே பிறந்தது, காற்றிலே கரைந்தது" என்றார் முதியவர்.

"அப்படியானால் அதன் வலிமையெல்லாம் வீணாய்ப் போயிற்றா? இல்லை, அதுவும் காற்றுக்கே போய்ச் சேர்ந்ததா?"

முதியவர் விடை கூறவில்லை. அவர் மனம் சோளப்பயிரின்மேல் இருந்தது.

சிறுவன் வினவியது சிறிய வினாவன்று. தரிசு நிலத்துச் சுழற்காற்று வெயிலால் சூடேறிய மண்ணிலிருந்து பிறப்பது. சில அடி அகலமும் சில நிமிட வாழ்வும் உடையது. வானத்திலோ நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள சுழல்கள் பிறந்து, சில நாட்கள் வாழ்ந்து, பின் கரைந்து போகின்றன. இரண்டும் பிறக்கும் முறை வேறு. எனினும் சிறுவன் கேட்ட கேள்வி பெரிய சுழல்களுக்கும் பொருந்தும். நிலையாக வீசும் பெருங்காற்றுக்கும், அதனிடையே தோன்றி மறையும் சுழல்களுக்கும் உள்ள உறவு யாது? பெருங்காற்று சுழலை ஆள்கின்றதா? சுழல் பெருங்காற்றை அலைக்கழிக்கின்றதா? உலகப் பேரறிஞர் பலர் நெடுங்காலம் ஆராய்ந்த வினா இது.

முதலிற் பெருங்காற்றைக் காண்போம். ஞாயிற்றின் வெம்மை நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் மிகுதி. துருவங்களை நோக்கிச் செல்லச் செல்லக் குறைவு. வெம்மையுற்ற காற்று மேலெழுகின்றது; அவ்விடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று கீழே ஓடி வருகின்றது. ஆங்கிலேய அறிஞர் ஹாலி 1686இல் வணிகக் காற்றுகளைப்பற்றி எழுதியபோது ஞாயிற்றின் வெம்மையையே அவற்றின் காரணமாகக் காட்டினார். ஆயினும் அக்காற்று நேர் தெற்காக ஓடாமல் ஏன் சாய்ந்து ஓடுகின்றது என்பதற்கு அவர் தந்த விளக்கம் நிறைவாக இல்லை. 1735இல் ஹாட்லி என்பார் அச்சாய்விற்கு நிலவுலகின் சுழற்சியே காரணம் என எடுத்துக்காட்டினார். நிலநடுக்கோட்டில் உள்ள ஒரு பொருள் நிலத்தோடு சேர்ந்து மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் விரைவில் கிழக்கு நோக்கிச் செல்கின்றது. காரமடையில் அவ்விரைவு ஏறத்தாழ 1,640. வடக்கே முப்பதாம் பாகையில் 1,450 அளவே. விரைவு குறைந்த வடபுலத்திலிருந்து விரைவு மிகுந்த தென்புலத்திற்கு வரும் காற்று, நிலத்தோடு ஈடுகொடுத்து ஓட இயலாது மேற்கு நோக்கிப் பின்தங்குகின்றது. அதனாலேயே வடக்கிலிருந்து புறப்பட்ட காற்று வடகிழக்குக் காற்றாய் வந்து சேர்கின்றது. ஐப்பசியில் ஆசிய நிலப்பரப்புக் குளிர்ந்து தெற்கே கடல் வெம்மையோடிருத்தலின், இவ்வோட்டம் வலுக்கின்றது. காரமடையில் மரக்கிளை தென்மேற்கு நோக்கிச் சாய்வது இக்காரணம் பற்றியே.

இக்காற்று வங்கக் கடலின்மேல் வரும்போது நீராவியை மொண்டுகொள்கின்றது. மொண்டு வந்தமையால் மட்டும் மழை பொழிந்துவிடாது. குடத்தில் நீர் நிறைந்திருந்தால் போதுமா? குடத்தைச் சாய்ப்பார் ஒருவர் வேண்டுமன்றோ? ஈரக்காற்று மேலே தூக்கப்பட்டாலன்றி நீராவி குளிர்ந்து துளியாகாது. அவ்வாறு தூக்குவன சுழல்களே. வங்கக் கடலில் கிழக்கிலிருந்து மேற்காக அலைபோல் நகர்ந்து வரும் காற்றுச் சலனங்கள் உண்டு. அவற்றைக் கிழக்கலைகள் என்பர். வானொலியும் தொலைக்காட்சியும் நாள்தோறும் கூறும் காற்றழுத்தத் தாழ்வு நிலையும், தாழ்வு மண்டலமும், புயலும் இக்குடும்பத்தைச் சார்ந்தனவே. ஒவ்வொரு சுழலும் வருங்கால் இரண்டு மூன்று நாட்கள் அடைமழை. அது சென்றபின் சில நாட்கள் வெயில். பிறகு அடுத்த சுழல். கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்வதன் மறைபொருள் இதுவே. வாடை வழியமைக்கின்றது, சுழல் மழை கொணர்கின்றது.

2016இல் வாடை வந்தது; சுழல்கள் பயன்படவில்லை. ஐப்பசித் தொடக்கத்தில் வங்கக் கடலில் பிறந்த கியாந்த் என்னும் புயல் ஆந்திரக் கரையை நோக்கி வந்து கடலிலேயே கரைந்தது. நாடா என்னும் புயல் திசம்பர் 2ஆம் நாள் காரைக்கால் அருகே கரை சேருமுன்னரே வலியிழந்தது. வர்தா என்னும் புயல் திசம்பர் 12ஆம் நாள் சென்னையைத் தாக்கி எண்ணற்ற மரங்களை வீழ்த்தியது. கொங்கு நாட்டு மேட்டு நிலமோ வறண்டே கிடந்தது. வடகிழக்குப் பருவத்தில் தமிழகம் பெற வேண்டிய மழையில் 62 விழுக்காடு குறைந்துபோயிற்று. 2017 சனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றன என்று அரசு அறிவித்தது. முதியவரின் சோளம் கதிர் வாங்கவில்லை. காய்ந்த தட்டை அறுத்துப் பசுக்களுக்கு இட்டார். கன்றொன்றை விற்றார். விற்ற அன்று இரவு உணவு கொள்ளவில்லை.

சுழல் வாராவிடின் இந்நிலை. வந்து அளவு கடந்தால் யாது நேரும் என்பதையும் இவ்வூரார் அறிவர். 2009ஆம் ஆண்டு நவம்பரில் குமரிக் கடற்பகுதியில் தோன்றிய ஒரு தாழ்வழுத்தச் சுழல் அரபிக்கடலுக்குட் சென்றது. பின்னர்ப் பியான் என்னும் புயலாகி மகாராட்டிரக் கரையை அடைந்தது அதுவே. அச்சுழலை ஒட்டி ஈரக்காற்று நீலமலையின் கீழைச் சரிவில் மோதி மேலேறியது. நவம்பர் 10ஆம் நாள் காலையோடு முடிந்த ஒரே நாளில் குன்னூருக்கு அண்மையிலுள்ள கேத்தியில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. காரமடையில் ஓர் ஆண்டு முழுதும் பெய்யும் மழையினும் அது மிகுதி எனலாம். மலைச்சரிவுகள் வழுக்கி வீடுகள் புதையுண்டன, பலர் உயிரிழந்தனர், மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே செல்லும் பாதைகள் துண்டிக்கப்பட்டன. புயலின் நடுவிடம் எங்கோ கடலில், அழிவு மலையுச்சியில்! சுழல் தான் செல்லும் வழியை மட்டுமன்றித் தன்னைச் சூழ்ந்த காற்றோட்டம் முழுவதையும் திருப்பிவிட வல்லது என்பதற்கு இதனினும் கண்கூடான சான்று வேண்டுவதில்லை.

இதுகாறும் கூறியன தரையை ஒட்டிய காற்றின் செய்திகள். தலைக்குமேல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வேறொரு காற்று ஓடுகின்றது. குளிர்காலத்தில் இமயமலைக்குத் தெற்கே, வட இந்தியாவின்மேல், மேற்கிலிருந்து கிழக்காக அது பாய்கின்றது. மணிக்கு 150 முதல் 200 கிலோமீட்டர் விரைவு அதற்கு இயல்பு. சில நாட்களில் அதனினும் மிகுதி. இதனை ஜெட் காற்றோட்டம் என்பர். தாரைக்காற்று என்றும் வழங்குவர். வானத்தில் ஓடும் கங்கை என்று இதனைக் கூறினும் மிகையாகாது.

இத்தகைய காற்றாற்றை முதன்முதல் முறையாக அளந்தவருள் சப்பானிய அறிஞர் ஓயிசி குறிப்பிடத்தக்கவர். தாத்தேனோ என்னுமிடத்திலிருந்த ஆய்வகத்திலிருந்து அவர் பலூன்களை வானில் விடுத்து, தொலைநோக்கியாற் பின்தொடர்ந்து, உயரத்துக் காற்றின் கடுவேகத்தைக் கணக்கிட்டார். உலகத்தார் அனைவரும் படித்தல் வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் தம் அறிக்கையை 1926இல் எசுபெராந்தோ என்னும் பொதுமொழியில் வெளியிட்டார். எல்லார்க்கும் பொதுவாக அமைத்த அம்மொழியைக் கற்றவரோ மிகச் சிலர். ஆதலின் அவ்வரிய செய்தி பெரும்பாலோர்க்கு எட்டாமற் போயிற்று. ஊரார் பேசாத மொழியில் ஊராருக்கு ஓலை விடுத்த கதையாய் முடிந்தது! இரண்டாம் உலகப்போரில் சப்பானின்மேற் பறந்த அமெரிக்க வானூர்திகள் இக்காற்றில் அகப்பட்டுத் திகைத்த பின்னரே உலகம் அதனை நன்குணர்ந்தது.

இக்காற்றாற்றில் ஒரு புதிர் உண்டு. கயிற்றின் முனையிற் கல்லைக் கட்டித் தலைக்குமேற் சுழற்றுங்கால், கயிற்றைச் சுருக்கினால் கல் விரைந்து சுற்றும். சிறுவர் யாவரும் இதனை அறிவர். நிலநடுக்கோட்டில் மேலெழுந்து வடக்கு நோக்கிச் செல்லும் காற்றும் அக்கல்லை ஒத்ததே. வடக்கே செல்லச் செல்ல அது நிலவுலகின் அச்சை நெருங்குகின்றது. ஆகவே கிழக்கு நோக்கி விரைகின்றது. கணக்கிட்டுப் பார்த்தால், முப்பதாம் பாகையை அடையும்போது அதன் விரைவு மணிக்கு 480 கிலோமீட்டராக இருத்தல் வேண்டும். ஆனால் உலகைச் சுற்றிச் சராசரியாக அளக்குங்கால் அதில் மூன்றிலொரு பங்கைக் காண்பதும் அரிது. எஞ்சிய விரைவைக் கொண்டுபோனவர் யார்?

மற்றொரு புதிரும் இதனோடு பிணைந்துள்ளது. முப்பதாம் பாகைக்கு வடக்கே, ஐரோப்பாவும் வடகடல்களும் உள்ள பகுதியில், தரையை ஒட்டியும் மேல்காற்றே வீசுகின்றது. கடலோடும் மலையோடும் உராய்ந்து அது நாள்தோறும் வலியிழக்கின்றது. ஊட்டுவார் இல்லையேல் அது சின்னாட்களில் தளர்ந்துவிடும். ஆயினும் நூற்றாண்டு நூற்றாண்டாக அது வீசிக்கொண்டே இருக்கின்றது. அதற்கு ஊட்டுபவர் யார்?

இரண்டு வினாவுக்கும் விடை ஒன்றே. கொண்டு செல்வனவும் ஊட்டுவனவும் சுழல்களே.

குளிர்காலத்தில் வடக்கிற் கடுங்குளிரும் தெற்கில் வெம்மையும் எதிரெதிர் நிற்றலின், இடைப்பட்ட காற்றோட்டம் நிலைகுலைந்து நெளிகின்றது. நெளிவுகள் முற்றிச் சுழல்களாகின்றன. இச்சுழல்கள் மேல்காற்றில் மிதந்து கிழக்கு நோக்கிச் செல்லும். அவை வட்டமாய் இருப்பதில்லை. தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் சாய்ந்திருப்பது அவற்றின் பொதுவியல்பு. இச்சாய்வினால் ஒரு வியப்பு நிகழ்கின்றது. சுழலில் வடக்கு நோக்கிச் செல்லும் காற்று, கிழக்கு நோக்கிய விரைவையும் மிகுதியாகத் தாங்கிச் செல்கின்றது. தெற்கு நோக்கித் திரும்பும் காற்று அவ்விரைவு குன்றித் திரும்புகின்றது. போன காற்றும் வந்த காற்றும் அளவில் ஒன்றே. விரைவு மட்டும் வடக்கே சேர்ந்துவிடுகின்றது.

காரமடைச் சிறுவர்க்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. விடியற்காலையில் காரமடைத் தோட்டங்களிலிருந்து வண்டிகள் கறிவேப்பிலைக் கட்டுகளையும் வாழைத்தார்களையும் ஏற்றிக்கொண்டு வடக்கே மேட்டுப்பாளையம் சந்தைக்குச் செல்கின்றன. சரக்கை இறக்கிவிட்டு வெறுவண்டியாய்த் திரும்புகின்றன. சாலையில் நின்று வண்டிகளை மட்டும் எண்ணுபவன், "பத்துப் போயின, பத்து வந்தன, ஒன்றும் நிகழவில்லை" என்பான். சந்தையிற் சென்று பார்ப்பவனுக்கன்றோ குவியல் தெரியும்! வடபுலத்துச் சுழல்கள் அவ்வண்டிகள் போன்றன. தென்பகுதிக் காற்றாற்றின் மிகைவிரைவைச் சுமந்து சென்று வடபகுதி மேல்காற்றிற்கு இறக்குகின்றன. தெற்கே கடிவாளமாகின்றன, வடக்கே தீனியாகின்றன.

இவ்வுண்மையை அறிஞர் எளிதில் ஏற்கவில்லை. ஆற்றுநீரிற் சுழி தோன்றினால் ஆற்றின் ஓட்டம் தடைப்படுவதையே எவரும் கண்டுளர். சிறு சுழிகள் பேரோட்டத்தின் வலிமையைத் தின்று தேய்ப்பன என்பதே பழகிய எண்ணம். வானத்தில் அதற்கு மாறாகச் சுழி ஓட்டத்தை வளர்க்கும் என்றால் யார் நம்புவர்? 1926இல் ஆங்கிலேய அறிஞர் செப்ரீசு, சுழல்களின்றி மேல்காற்று நிலைத்தல் இயலாது என்று வாதிட்டார். அவ்வாதத்தை அளந்து காட்டப் போதிய வானளவைகள் அன்று இல்லை. போருக்குப்பின் பலூன் நிலையங்கள் பெருகின. 1948 முதல் அமெரிக்காவில் விக்டர் ஸ்டார் என்பாரும் அவருடைய மாணாக்கரும் நாள்தோறும் வந்த அளவைகளைத் திரட்டிப் பொறுமையோடு கூட்டிக் கழித்தனர். சுழல்கள் சுமந்து செல்லும் விரைவு உண்மையாகவே ஊட்டத்திற்குப் போதுமானது என்பது புலனாயிற்று. எண்களைக் கூட்டுவதில் என்ன பெருமை என்று நினைப்பார் உண்டு. சந்தைக் குவியலைக் கண்டவர் அவர்களே.

சுழலுக்கு வலிமை எங்கிருந்து வந்தது? தெற்கின் வெம்மைக்கும் வடக்கின் குளிருக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து. அவ்வேறுபாட்டை உண்டு வளர்ந்த சுழல், வெம்மையை வடக்கே கொணர்ந்து வேறுபாட்டைக் குறைக்கின்றது. சில நாட்களில் தளர்கின்றது; தளருங்கால் தன் வலிமையில் ஒரு பகுதியைப் பெருங்காற்றிற்கே திருப்பித் தருகின்றது. எஞ்சியது உராய்வில் கழிகின்றது. சிறுவன் வரப்பின்மேல் நின்று கேட்ட கேள்விக்கு, வானத்துப் பெருஞ்சுழல்களைப் பொறுத்தவரை, விடை இது.

இந்தியாவில் இக்குடும்பத்துச் சுழல்கள் குளிர்காலந்தோறும் மேற்கிலிருந்து வருகின்றன. மத்தியதரைக் கடற்பக்கத்தினின்றும் புறப்பட்டு, ஈரானையும் ஆப்கானித்தானத்தையும் கடந்து, காற்றாற்றின் துணையால் காசுமீரத்திற்கு வந்து பனியும், பஞ்சாபத்திற்கு வந்து மழையும் பொழிகின்றன. பாட நூல்கள் இவற்றை 'மேற்கத்திய இடையூறுகள்' எனக் குறிக்கின்றன. தை மாதத்தில் கோதுமைப் பயிருக்கு வேண்டிய நீரைக் கொணர்ந்து தருவதற்கு இடையூறு என்று பெயரா! பெயரிட்டவர் உழவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இச்சுழல் கடந்து சென்றதும் அதன் பின்புறத்தில் வடக்கத்திக் குளிர்காற்று வட இந்தியச் சமவெளியில் இறங்கிப் பரவுகின்றது.

மேற்கிலிருந்து வரும் சுழலும் கிழக்கிலிருந்து வரும் சுழலும் ஒன்றையொன்று அறியாதனபோற் செல்வது வழக்கம். கிழக்குச் சுழல் தென்பாகத்தில் கீழ்காற்றின் வழியே மேற்காகச் செல்லும். மேற்குச் சுழல் வடபாகத்தில் மேல்காற்றின் வழியே கிழக்காகச் செல்லும். எப்பொழுதேனும் மேல்காற்றின் வளைவு தெற்கே தாழ்ந்து தொங்குங்கால், கிழக்கிலிருந்து சென்ற புயல் அதன் கையில் அகப்பட்டுத் திசை திரும்பும். 2017இல் அது நிகழ்ந்தது.

அவ்வாண்டு நவம்பர் இறுதியில் இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு தாழ்வு மண்டலம் தோன்றியது. காரமடை முதியவர் முந்திய ஆண்டின் இழப்பை மறக்கவில்லை. மீண்டும் சோளம் விதைத்திருந்தார். வானொலிச் செய்தியைக் கேட்டுவிட்டு, "சுழி வருகிறதாம் கண்ணு, இந்த முறை நம்மைப் பார்க்குமா?" என்று பெயரனை வினவினார். பெயரன் பள்ளியின் நிலப்படத்தில் விரலை வைத்து, "குமரிமுனைப் பக்கம் போகும்போல் இருக்கிறது, அப்பாரு" என்றான். "எங்கே போனாலும் போகட்டும், நான்கு நாள் மழை கொடுத்துவிட்டுப் போகட்டும்" என்றார் அவர்.

நவம்பர் 30ஆம் நாள் காலை அச்சுழல் குமரிக் கடலில் ஒக்கி என்னும் புயலாயிற்று. ஒரு நாளைக்கு முன் தாழ்வு மண்டலமாக இருந்தது அத்துணை விரைவிற் புயலாக முற்றியது. அதற்கு முன்னரே கன்னியாகுமரி மாவட்டத்து மீனவரும் கேரளத்து மீனவரும் ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். கரையில் வாழையும் இரப்பர் மரங்களும் தோப்புத் தோப்பாய் வீழ்ந்தன. கடலிற் சென்றவருள் நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. புயல் கீழ்காற்றின் வழியே இலட்சத் தீவுகளைக் கடந்து மேற்கும் வடமேற்குமாகச் சென்றது. பின்னர், வடக்கிலிருந்து தாழ்ந்து தொங்கிய மேல்காற்றின் வளைவு அதனைப் பற்றியது. புயல் வடக்கே திரும்பி, வடகிழக்கே வளைந்து, குசராத்தை நோக்கிச் சென்றது. உயரத்துக் காற்று ஒரு திசையிலும் தாழ்வான காற்று ஒரு திசையிலும் இழுத்தமையால் அதன் உடல் குலைந்தது. திசம்பர் 5ஆம் நாள் இரவில் சூரத்துக்கு அண்மையில் வலியற்ற தாழ்வாகக் கரை சேர்ந்து மறைந்தது. 

அந்நாட்களில் காரமடை வீட்டின் திண்ணையில் முதியவர் நாளிதழைப் பெயரனிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பார். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று கடற்கரை ஊர்ப்பெயர்களைச் சிறுவன் ஒவ்வொன்றாகப் படித்தான். அவற்றுள் ஒன்றையும் முதியவர் முன்பு கேட்டறியார். கரையில் நின்று கடலை நோக்கிக் காத்திருந்த பெண்களின் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"நான் கேட்ட சுழி இதுதானா கண்ணு?" என்றார்.

சிறுவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நீங்கள் மழைதானே கேட்டீர்கள், அப்பாரு" என்றான்.

முதியவர் மேலாடையைத் தோளில் இழுத்துப் போர்த்துக்கொண்டு எழுந்தார். வாடை வடகிழக்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. தொழுவத்தின் வடபுறத் தட்டியைக் காற்று அசைத்தது. அதனைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, கீழ்வானத்தை ஒருமுறை நோக்கினார். பின்னர், என்றும் இல்லாத வழக்கமாக, தெற்கே திரும்பி நெடும்பொழுது நின்றார்.